திங்கட்கிழமை இலை

ஒரு மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் இருக்கிறது. பழுப்பு தெரிந்தால் அந்தக் கிளை போய்விட்டது, கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி கீற வேண்டும். பெரிய மரத்தில் இது ஒன்றுமே இல்லை. என் மரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அடித்தண்டு என் கட்டைவிரல் பருமன்தான். தினம் ஒரு கீறல் என்றால் சில மாதங்களில் கீற இடமே இருக்காது. அது தெரிந்தும், அந்த வருடம் தை மாதம் தொடங்கி ஒவ்வொரு காலையும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மொட்டை மாடிக்குப் போய்க் கீறினேன்.

அது அரச மரம். நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையின் பின்சுவரில், மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டிய வெடிப்பில் முளைத்திருந்தது. சுவர் பிளந்துவிடும் என்று ஆசிட் ஊற்றிக் கொல்ல ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள். அரசைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் எடுத்துக்கிறேண்ணே" என்றதும் உளியை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வேர் அறாமல் வெளியே எடுக்கச் சாப்பாட்டு நேரம் முழுவதும் போனது.

பட்டறையில் என் வேலை அளப்பது. கடைசல் முடிந்து வரும் இரும்புத் துண்டுகளை மைக்ரோமீட்டரில் வைத்து, சரி, தப்பு என்று பிரிக்க வேண்டும். முடியளவு கூடினாலும் தப்பு. நாள் முழுக்க வளராத இரும்பை அளந்துவிட்டு வந்து, வளர்கிற ஒன்றை அளப்பது எனக்குப் பிடித்திருந்தது. போன்சாய் பற்றி ஆங்கிலத்தில் வந்ததையெல்லாம் போனில் அகராதி வைத்துப் படித்தேன். செங்கல் தூளும் ஆற்று மணலும் கலந்த மண், அடியில் ஓட்டை போட்ட ஆழமில்லாத தட்டு, வருடத்துக்கு ஒருமுறை வேர் வெட்டு. அம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. "குட்ட மரம்" என்றுதான் சொல்வாள். அதைத் தாண்டிப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றாமலும் போகமாட்டாள்.

கிளையை வளைத்து வைக்கக் கம்பி வேண்டும். பூந்தமல்லியில் எரிந்த மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பாய் என்னோடு பள்ளியில் படித்தவன். பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, ஒருமுறை நெருப்பில் வெந்திருப்பதால் மெத்தென்று வளையும். ஒரு பை நிறையக் கொடுப்பான். கூடவே ஒரு குத்தலும் கொடுப்பான்.

"ஏன் மாமே, ஊரு ஒலகத்துல மரத்த வளக்குறானுங்க. நீ வளராம பாத்துகினு கீறே. இதுக்கா டிப்ளமா படிச்சே?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் மட்டும்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறார். அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறாள். முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாடியில் நாங்கள், கீழே ஒரு அக்காவும் மாமாவும். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் எந்தத் தாள் வந்தாலும், கரண்ட் பில்லோ, ஆதார் கடிதமோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, என்னிடம்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்கேயாவது தப்பாகப் படித்துவிடுவேனோ என்று எதையும் இரண்டு முறை படிக்கவும் வைத்தது.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் மரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, அக்கா தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு மாடிக்கு வந்தாள். கையில் பால் சொம்பு. அன்று அமாவாசை. திங்களும் அமாவாசையும் சேர்ந்து வந்தால் அரச மரத்தை நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள், பிள்ளை வேண்டுகிறவர்கள் தவறவிடமாட்டார்கள். அவள் ஏரிக்கரைக் கோயில் மரத்தைத்தான் சுற்றுவாள். ரோடு அகலப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள்.

"தம்பி, இது அரசுதானே?"

"ஆமாக்கா. ஆனா…"

"ஆனா இன்னா?"

"ரொம்ப சின்னது."

"சின்ன புள்ளையாரு புள்ளையாரு இல்லியா? நவுத்து இத்த. சொவுத்து மேல வெச்சிருந்தா நான் எப்டி சுத்துறது?"

ஒரு வாளியைக் கவிழ்த்து, மாடிக்கு நடுவில் அதன் மேல் மரத்தை வைத்தேன். நூற்றெட்டு வேர்க்கடலையை என் கையில் கொடுத்து, சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடச் சொன்னாள். "நீதான் படிச்சவன், தப்பாம எண்ணுவே." பெரிய மரத்தைச் சுற்றுவது நடை. இதைச் சுற்றுவது, நின்ற இடத்திலேயே பம்பரம் போலத் திரும்புவது. அறுபதாவது சுற்றில் அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"கிர்ருங்குது தம்பி. பெரிய மரமே தேவல."

"வேணும்னா ஒக்காந்துட்டு அப்பறமா…"

"ஒக்காந்தா கணக்குல வராது. நீ எண்ணு."

நூற்றெட்டும் முடிந்ததும் சொம்பிலிருந்த பாலை அடியில் ஊற்றப்போனாள். "பால் வாணாக்கா, வேரு அழுவிடும்" என்றேன். சாமிக்கு ஊற்றுகிற பால் அழுகுமா என்று கேட்டாள். அவள் அமாவாசையோடு நிறுத்தவில்லை, அதற்குப் பிறகு எல்லாத் திங்களும் வந்தாள். நான் இருக்கும் நாளில் மஞ்சள் குங்குமம் மட்டும். நான் வேலைக்குப் போன நாட்களில் மண் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருக்கும், எறும்பு மொய்த்திருக்கும். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போடுவேன். அவளிடம் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு வருடமாகக் காத்திருக்கிறவளிடம் வேர், பூஞ்சை என்று எப்படிப் பேசுவது?

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மாமா நனைந்தபடி மாடியேறி வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு ஆஸ்பத்திரித் தாளை எடுத்து நீட்டினார். "மச்சான், இத்த படி." படித்தேன். மறுபடி படித்தேன். "நல்லதா, கெட்டதா?" என்றார்.

"நல்லது மாமா."

அவர் அப்படியே எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தபா படி" என்றார். அவருக்குப் புரியாத ஆங்கிலத்திலேயே முழுவதையும் சத்தமாகப் படித்தேன்.

அடுத்த ஸ்கேன் தாளில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாக எழுதியிருந்தது. படுத்தே இருக்க வேண்டும், மிஷின் மிதிக்கக் கூடாது, மாடிப்படி ஏறவே கூடாது.

"ஏறக்கூடாதுன்னு எழுதிகீதா, இல்ல டாக்டரம்மா சும்மா வாயால சொன்னாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"எழுதிகீதுக்கா."

"எழுதிகீதுன்னா சரி."

மேலே விட்டத்தை நோக்கிக் கையைக் காட்டினாள். "நான் மேல வர முடியாது. அது கீழ வரட்டும். திங்கக்கெழம ஒரே ஒரு எல பறிச்சிகினு வந்து குடு தம்பி. படத்தாண்ட வெச்சி கும்புட்டுக்கிறேன்."

அப்போது மரத்தில் நாற்பது இலைகளுக்கு மேல் இருந்தன. பிரசவம் வரைக்கும் எத்தனை திங்கட்கிழமை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். போதும். ஒவ்வொரு திங்களும் பின்பக்கக் கிளையில் ஒன்றைப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற நாட்களில் நான் படியிறங்கும் சத்தம் கேட்டாலே ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"தம்பி, மரம் எப்டி கீது?"

"நல்லா கீதுக்கா."

பட்டறையில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் என் பேச்சைக் கிண்டல் செய்வார். "நல்லா கீது, நல்லா கீறேன்னு சொல்லுதியே, எதத்தான்டே கீறுத? எங்க ஊர்ல கீறுனா ரத்தம்லா வரும்?" நானும் சிரிப்பேன். தை பிறந்த பிறகு அந்தக் கிண்டலுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

அரசு பனிக்காலம் முடியும்போது இலை உதிர்ப்பது வழக்கம்தான். முந்தைய வருடங்களிலும் உதிர்த்தது. ஆனால் அப்போதெல்லாம் இலை விழுவதற்கு முன்பே கிளை நுனியில் சிவப்பாக, ஊசி போல ஒரு குருத்து நிற்கும். இந்த முறை நுனிகள் கறுத்திருந்தன. ஒரே வாரத்தில் பதினெட்டு இலைகள் போயின. காலையில் துடைப்பத்தால் பெருக்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். வழக்கமான உதிர்வா, வேர் அழுகலா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தாங்க முடியாமல் மரத்தைத் தட்டிலிருந்து வெளியே எடுத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். புளித்த பால் வாடை குப்பென்று வந்தது. பாதி வேர் கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தது. அழுகியதை வெட்டினேன். எது அழுகியது, எது நல்லது என்று தெரியாத இடங்களிலும் வெட்டினேன். இளைத்துப்போன மரத்தின் வேரில் கத்தி வைக்கக் கூடாது என்று நானே படித்திருக்கிறேன். பயத்தில் படித்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. புது மண்ணில் வைத்து, வெயில் படாமல் ஓரமாகத் தள்ளினேன். அடுத்த சில நாட்களில் மிச்சமிருந்த இலைகளும் விழுந்தன.

கடைசி இலை விழுந்த அன்றுதான் முதல்முறையாகக் கீறினேன். பச்சை. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் காலையில் அந்த அப்பாடாவைக் காணவில்லை. மறுபடி கீறினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். மொட்டைக் குச்சியாக நின்ற மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நைனா, பட்டுப் பூடுச்சா?"

"அந்த வார்த்தைய சொல்லாதம்மா."

"நான் சொல்லல. நீயும் கீழ சொல்லாத. புள்ளத்தாச்சி பொண்ணு. ஏற்கெனவே ரெண்டு போச்சி. மரம் பூடுச்சின்னு கேட்டா அவ மனசு இன்னாத்துக்கு ஆவும்? நம்ம தலையில உழுந்துடப் போவுது."

மரத்துக்கும் கருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் அக்கா பயந்தால் அந்தப் பயம் அவள் உடம்பில் இறங்கும், உடம்பில் இறங்கினால் குழந்தைக்கு ஆகாது என்று தோன்றியது. இப்படி ஒரு சுற்று சுற்றி அம்மா நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தேன். வரும் திங்கட்கிழமைக்கு ஒரு இலை வேண்டும்.

அரச மரத்துக்கு ஊரில் பஞ்சமில்லை. ஆனால் பெரிய மரத்து இலை உள்ளங்கையை விட அகலம். என் மரத்தின் இலை இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அத்தனை சின்ன இலை, சுவர் வெடிப்பில் மண்ணில்லாமல் முளைத்த கன்றுகளில்தான் கிடைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் சுவராக அலைய ஆரம்பித்தேன். அம்பத்தூர் ஸ்டேஷன் மதில், கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், மூடிக் கிடந்த ஒரு மில்லின் காம்பவுண்டு. பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு போவேன். ஒருமுறை வானகரத்தில், பைபாஸ் ஓரமாக ஒரு குடோன் சுவரில் எட்டிப் பறித்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து நின்றார்.

"இன்னா தேடுறே?"

"எலைங்க."

அவர் முகம் மாறியது. "எலையா? மூஞ்சப் பாத்தா படிச்ச புள்ளையாட்டம் கீறே. பொகைக்கிற எல கேக்குதா ஒனக்கு?"

"ஐயோ, அரச எலைங்க!"

"ஓ. இப்ப அதுக்குப் பேரு அரசா?"

நான் கையை விரித்துக் காட்டினேன். சின்ன இலை. பார்த்துவிட்டு, "இத்த வெச்சிகினு இன்னாப்பா பண்ணுவே?" என்றார். ஒரு அக்காவுக்கு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, குடோன் பின்பக்கம் இன்னும் நிறைய இருப்பதாகச் சொல்லி அவரே கூட்டிக்கொண்டு போனார்.

இலையை வீட்டில் கழுவி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா வாங்கி, திருப்பிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "மரம் எப்டி கீது?" என்று கேட்பாள். "நல்லா கீதுக்கா" என்பேன். அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவளுடைய ஸ்கேன் தாள்களையும் படித்துச் சொல்வேன். குழந்தையின் எடை, தண்ணீர் அளவு, இதயத் துடிப்பு. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறபடியே சொல்வேன். ஒரு கையில் நிஜம், ஒரு கையில் பொய். எந்தக் கையில் எது என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டதாக வந்தது. மூன்று முறை படித்த பிறகே வாயைத் திறந்தேன். மாமா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். சித்திரை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. நாள் பார்த்த அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி, வளகாப்பு அன்னிக்கி மரத்த கீழ கொண்டாந்து நடுவுல வெச்சிடு. மொத வளையலு அதுக்குத்தான். அப்பறந்தான் எனுக்கு."

சரி என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். பன்னிரண்டு நாள் இருந்தது. மேலே ஒரு கிளையில் கீறினேன். பழுப்பு. கீழே வந்தேன். பழுப்பு. தண்டின் பாதிக்குக் கீழேதான் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையும் நேற்றைய பச்சை மாதிரி இல்லை.

மறுநாளே பூந்தமல்லிக்குப் போனேன். பாய் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நர்சரில ஒண்ணு வாங்கி டூப்பு போட்ரு மாமே."

"இந்த வளைவு வராதுடா. கெளைல நான் கட்டுன கம்பி தழும்பு கீது. அவ நூத்தெட்டு தபா சுத்தியிருக்கா."

அவன் யோசித்தான். பிறகு கை துடைத்துக்கொண்டு மயிரிழைக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தான். "ஒரு மோட்டாருக்கு எத்தினி சுத்து சுத்துறேன். நாப்பது எலைய கட்ட மாட்டேனா? கெளைக்கு கெளை எலைய வெச்சி கட்டிடுவோம். தூரத்துல பாத்தா எவனுக்குத் தெரியும்?"

என் பையில் அன்று பறித்த இலைகள் சில இருந்தன. ஒரு வேப்பங்குச்சியை எடுத்து மூன்று இலைகளைக் கட்டினான். அவன் கை நேர்த்தியானது. கட்டு இருக்கும் இடமே தெரியவில்லை. மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். அரச இலை காம்பில் தொங்குவது. காற்றே இல்லாதபோதும் அதன் வால் நுனி துடித்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றும் அசையவில்லை. பாய் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். குச்சி முழுவதும் சாய்ந்தது, இலை மட்டும் தனியாக ஆடவில்லை.

"ஆடலியே மாமே" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. கட்டை அவனே பிரித்து எடுத்தான். "போய் சொல்லிடு. திட்டுனா வாங்கிக்க."

அந்த ஞாயிறு மதியம் அக்கா வீட்டு வாசலில் வெகு நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்து ஒரு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். மாமா வண்டிக்குப் போயிருந்தார்.

"யக்கா. மரம்…"

அக்கா ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள். தலையணைக்குப் பக்கத்திலிருந்த ஸ்கேன் ஃபைலை எடுத்துத் திறந்தாள். தாளுக்குத் தாள் நடுவில், காய்ந்து சருகான அரச இலைகள். நான் கொடுத்தது ஒன்று விடாமல் இருந்தது. போர்வை மேல் அவற்றை வரிசையாக அடுக்கினாள்.

"இதுவரிக்கும் ஒன் மரத்துது." ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "இதுலேருந்து இல்ல. வால பாரு, எவ்ளோ கட்டையா கீது. நான் துணி வெட்டுறவ தம்பி. அளவு கண்ணுலயே தெரியும்."

எனக்குக் காது சூடானது. "எப்பக்கா தெரியும்?"

"மாத்துன மொத எல குடுத்த அன்னிக்கே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவே. நிறுத்திட்டா திங்கக்கெழம நான் இன்னா பண்ணுவேன்?" ஒரு இலையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பயமாத்தான் இருந்துச்சி. நீ படிய எறங்கசொல்லோ கால் சத்தத்துலயே தெரியும், மரம் சரியில்லன்னு. ஆனா நல்லா கீதுன்னு சொல்லுவே. அப்பதான் ஒடம்பெல்லாம் ஒதறும். ரிப்போட்டு படிக்கிறப்பவும் இப்டித்தான் சொல்றானோன்னு நெனப்பு வந்துடுச்சி. அந்த டாக்டரம்மாவையே மறுக்கா போய் கேட்டுகினு வந்தேன், தெரியுமா?"

தெரியாது. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நான் அழவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூட மாற்றிச் சொல்லவில்லை என்று நாலைந்து முறை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தெரியும், உடு. இப்ப சொல்லு. செத்துப் பூடுச்சா?"

"தெரியலக்கா. மேல காஞ்சி போச்சி. கீழ கொஞ்சம் பச்ச கீது. வருமான்னு தெரியல."

அக்கா மூச்சை விட்டாள். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லிட்டுப் போயேன். அத்த தாங்கிக்கிறேன்." பிறகு என் கையைப் பார்த்தாள். "நவத்துல இன்னா அது, கற?"

கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் பழுப்பும் பச்சையுமாகப் படிந்திருந்தது. தினமும் கீறிப் பார்ப்பதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தெனமுமா? அடப்பாவி! எனுக்காச்சும் வயித்த கீறாம ஸ்கேன்ல பாக்குறாங்க. இனிமே நீ கைய வெக்கக்கூடாது, ஆமா."

"சரிக்கா."

"வளகாப்புக்கு கொண்டா. மொட்டையா இருந்தா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மரத்தை இரண்டு கையிலும் ஏந்திப் படியிறங்கினேன். கூடத்தில் கலவை சாதப் பாத்திரங்களுக்கும் தாம்பாளங்களுக்கும் நடுவில் அதை வைத்தபோது ஒரு பெண்மணி வாய்விட்டே சொன்னாள்: "இன்னாடி இது, வெறும் குச்சிய கொண்டாந்து நடுவூட்ல வெச்சிகீறே?"

"படுத்துகினு கீது. என்னிய மாரி" என்றாள் அக்கா.

குழந்தைக்குப் போடுகிற அளவில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்து, கம்பித் தழும்பு உள்ள கிளையில் மெதுவாக நுழைத்தாள். கிளை ஒடிந்துவிடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒடியவில்லை. பிறகு அவள் கை இரண்டும் வளையலால் நிறைந்தது. யாரோ ஒரு அத்தை பால் சொம்போடு மரத்தை நோக்கி வந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா வளையல்கள் குலுங்கக் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஊத்தாத அத்த! அதுக்கு ஆவாது."

அன்றே அவளைக் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாடியும் ஜன்னலும் ஒரே நாளில் அமைதியாகிவிட்டன. ஆனால் திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

"தம்பி, மரம் எப்டி கீது?"

"தெரியலக்கா."

"சரி. வெச்சிடுறேன்."

அடுத்த திங்களும் அதே. அதற்கு அடுத்ததும் அதே. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஈரச் சாக்கை மரத்தைச் சுற்றிக் கட்டி, காலையும் சாயங்காலமும் தெளித்தேன். கீறவில்லை. பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரல் தானாக எழும்பும். அதை மடக்கி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன்.

வைகாசி முடியப்போகிற ஒரு திங்கட்கிழமை போன் வரவில்லை. எட்டு மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. பிரசவத்துக்குச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பட்டறையில் அன்று நல்ல துண்டுகளைத் தப்புக் கூடையில் போட்டேன். திருநெல்வேலிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அளந்து மாற்றிப் போட்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றாள். "ஏதாச்சும் தெரிஞ்சிதா நைனா?" தெரியவில்லை. மாடிக்குப் போய் மரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கீறிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. எனக்கே அசிங்கமாக இருந்தது. மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பைக்கைக் கிளப்பும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல். அதற்கு நடுவில், ரொம்பப் பக்கத்தில், சின்னதாக, விட்டு விட்டு ஒரு அழுகை.

"தம்பி" என்றாள் அக்கா. குரல் தேய்ந்திருந்தது. "நேத்து கேக்க முடியல. மரம் எப்டி கீது?"

பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். போனைக் காதில் வைத்தபடியே குனிந்து பார்த்தேன். வளையல் இன்னும் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அடித்தண்டில், மண்ணுக்கு ஒரு விரல் மேலே, நேற்று நான் பார்க்காத ஒரு புடைப்பு இருந்தது. மிளகை விடச் சின்னது. குருத்தாக இருக்கலாம். நான் கீறிய புண் ஆறிப் பொருக்குத் தட்டியதாகவும் இருக்கலாம்.

"ஒரு புள்ளி கீதுக்கா. இன்னான்னு தெரியல."

அந்தப் பக்கம் அழுகை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது.

"சரி" என்றாள் அக்கா. "கீறிப் பாக்காத."